காக்கைக்கு மட்டும் கறுப்பு

சான் ஹோசேயில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்திய குழுவில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பதின்மரும் ஆண்கள், ஒன்பதின்மரும் கணிப்பொறித் துறையினர், ஒருவர்கூடத் தம் பிள்ளைக்கு வீட்டில் ஒரு பக்கம் தமிழ் வாசித்துக் காட்டியவர் அல்லர். ஆயினும் தமிழ் கடல் கடந்து உயிர்த்திருப்பது தங்களால்தான் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருந்ததில்லை. 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முதல் வகுப்புக்குச் சொந்தமாக ஒரு பாடநூல் வெளியிடுவதென்று முடிவு செய்தார்கள். அவர்களுள் மூவர் அப்போது வேலையிழந்திருந்தனர். மொழிப்பற்றுக்கு ஓய்வுநேரம் வேண்டுமல்லவா?

நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள். கணவருடைய வேலையால் அங்கே வந்து, வேலை பார்க்கச் சட்டம் இடந்தராத விசாவில் வீட்டிலிருந்தவள். ஆகவே பதிப்பாசிரியர் பொறுப்பு என்மேல் சுமத்தப்பட்டது. படம் வரைவதற்கு ஆள் தேடும் பொறுப்பும் அதனுடன் வந்தது.

ஓவியர் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலேயே குடியிருந்தார். பிலிப்பீன்ஸ் நாட்டவர், ஐம்பத்தெட்டு வயது. துணி துவைக்கும் பொது அறையில் உலர்த்திக்காகக் காத்திருப்பவர்களை, கடைகளின் தள்ளுபடித் தாள்களுக்குப் பின்புறம் வரைந்துகொண்டிருப்பார். ஒருநாள் என்னை வரைந்தார். நான் மடித்துக்கொண்டிருந்தது வேட்டி; அப்படியொரு துணியை அவர் அதற்குமுன் கண்டதில்லை. ஆனால் அதன் மடிப்பு மட்டுமன்று, ஈரம் முழுதும் போகாத கனமும் தாளில் தெரிந்தது. நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, "மூக்கு கொஞ்சம் கோபமாக வந்துவிட்டது" என்றார். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.

பதினாறு வயதில் மணிலாவில், திரையரங்குகளுக்கு விளம்பரப் பலகை தீட்டும் பட்டறையில் சேர்ந்தவர். முகங்களை முதலாளி தீட்டுவாராம். கழுத்துக்குக் கீழே இவர். அடுத்து, வாரந்தோறும் வரும் படக்கதை இதழ்கள். அங்கே நான்கு பேர் வரைந்த பக்கத்தின் அடியில் ஒருவர் கையெழுத்திடுவார். பிறகு அமெரிக்கப் படக்கதைகளின் பென்சில் கோடுகளின்மேல் மையிட்டு அஞ்சல்வழியே அனுப்பினார். அச்சில் வந்தது வேறு பெயர். மனைவிக்குக் கலிபோர்னியாவில் செவிலியர் வேலை கிடைத்தபோது உடன்வந்து, கணினி விளையாட்டு நிறுவனமொன்றில் மலைகளும் வானமும் வரைந்தார். 2001இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் வீடு விற்கும் முகவர்களுக்கு விளம்பரத்தாள்கள், சாப்பாட்டுக் கடைச் சுவருக்கு மீன்கள். காலை வேளைகளில், பால்கனியில், தமக்கென்று நீர்வண்ணம்.

நாற்பதாண்டுகளுக்கு மேலாக வரைந்தவரிடம் அவர் பெயர் அச்சிட்ட புத்தகம் ஒன்றுகூட இல்லை. வேலையைப் பற்றி நான் கேட்டதும் அவர் விதித்த நிபந்தனையும் அதைப் பற்றியதே. "கூலி வேண்டாம். முதற்பக்கத்தில் என் பெயர் இருக்க வேண்டும். உங்கள் எழுத்திலும் என் எழுத்திலும்." நான் வாக்குக் கொடுத்தேன். தம் பெயரைத் தமிழில் எழுதிக்காட்டச் சொல்லி, அந்தத் துண்டுத்தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து ஞாயிறுகள், வகுப்பின் கடைசி வரிசையில், ஏழு வயதுப் பிள்ளைக்கான நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தார். தோலுக்கென்று குழாயில் அடைத்து விற்கும் வண்ணத்தை அவர் வாங்கியதேயில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தாளின் ஓரத்தில் நகமளவு வண்ணத் திட்டுகளை இடுவார். தாளைப் பிள்ளையின் கையருகே கொண்டுபோய் ஒப்பிடுவார். ஒவ்வாவிட்டால் செம்மண் நிறத்தின்மேல் இன்னும் சிறிது நீலத்தை ஓடவிடுவார். "இவர்கள் நெற்றியில் ஊதா இருக்கிறது. நீங்கள் பார்த்ததில்லையா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் வரிசைகட்டிக் கையை நீட்டினார்கள். "டூ மீ நெக்ஸ்ட், அங்கிள்!" என்ற கூச்சலில் அன்றைய எழுத்துப் பாடம் நடக்கவேயில்லை.

பதினெட்டுப் படங்கள். குழுத்தலைவர் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் அவற்றைப் பரப்பி வைத்தேன். ஒன்பதின்மரும் சமோசாவுடன் சுற்றி நின்றார்கள். தலைவர் ஊஞ்சல் படத்தை விரலால் தட்டினார்.

"நல்லா வரைஞ்சிருக்காரு மேடம், ஒத்துக்கறேன். ஆனா எல்லாரும் இவ்ளோ டார்க்கா இருக்காங்களே?"

"கொஞ்சம் ஃபேரா பண்ணச் சொல்லுங்கக்கா," என்றார் பொருளாளர். "கிட்ஸ் ரிலேட் பண்ண மாட்டாங்க."

"நம்ம பசங்களப் பாத்துத்தான் வரைஞ்சாரு," என்றேன்.

"சான்ஸே இல்ல. இந்தப் பொண்ணு யாரு? நம்ம ஸ்கூல்ல இப்படி யாருமே கிடையாது. அவங்க ஊர்ல யாரையோ பாத்துப் போட்டுட்டாரு." தலைவர் சிரித்தார். தலைவர் சிரித்ததால் மற்ற எண்மரும் சிரித்தார்கள்.

தண்ணீர் குடிக்க வந்த அவருடைய மகள் மேசையை எட்டிப் பார்த்தாள். "டாடி, தட்ஸ் மீ! லுக், மை டூத்!" ஊஞ்சலில் இருந்த பெண்ணுக்கும் அவளுக்கும் முன்பல் ஒன்று இல்லை.

நாணம் என்பது சிறிதேனும் உள்ள மனிதன் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தியிருப்பான். தலைவர் மகளின் கன்னத்தைத் தட்டி, "நோ குட்டி, நீ இத விட ரொம்ப ஃபேர்" என்றார். எங்கள் பக்கம் திரும்பி, "இவ அவங்க அம்மா கலர்" என்று விளக்கமும் தந்தார்.

"வெயில்ல ஆடாதடின்னா கேட்டாத்தானே!" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

சிறுமி தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், தண்ணீர் குடிக்காமலே போய்விட்டாள்.

அன்று நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. அடுத்ததாகத் தலைவர் எழுதிய முன்னுரை எடுத்துக்கொள்ளப்பட்டது. அதிலிருந்த பதினோர் ஆங்கிலச் சொற்களையும் களைவதற்கு ஒரு மணிநேரம் வாதாடி, பதினொன்றையும் களைந்து, களிப்போடு வீடு திரும்பினேன். அந்த ஒன்பதின்மரை இகழும்போது என்னையும் சேர்த்துப் பதின்மர் என்று கொள்வதே கணக்கு.

மறுவாரம் பொருளாளர் தொலைபேசியில் அழைத்தார். "அவர எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நானே கம்ப்யூட்டர்ல ஃபிக்ஸ் பண்ணிட்டேன். ஒரே ஸ்லைடர்தான்கா, எல்லாப் படத்துக்கும் ஒரே ஷாட்ல போட்டுட்டேன்."

ஆம், எல்லாப் படத்துக்கும். பிள்ளைகள் மாவில் புரண்டெழுந்தவர்களைப் போலானார்கள். அவர்களோடு மாலைப்பொழுது நண்பகலாயிற்று. எருமை இளஞ்சிவப்பாகிப் பன்றியின் சாயலைப் பெற்றது. ககர வரிசைப் பாடத்தின் காக்கை சாம்பல் நிறப் புறாவாகிச் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. படங்களைக் கண்டதும் குழு பதறியது. இரண்டு நாள்களில் இருபதுக்கும் மேற்பட்ட மின்மடல்கள். 'காக்கா வெள்ளையா இருந்தா எல்லாரும் சிரிப்பாங்க' என்று ஒருவர். 'எருமைன்னா எருமை கலர்ல இருக்கணும்ல' என்று இன்னொருவர். பொருளாளர் மன்னிப்புக் கோரி, காக்கையையும் எருமையையும் பழைய நிறத்துக்கு மீட்டுத் தந்தார். அத்தனை மடல்களில் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் மடல் ஒன்றும் அவற்றில் உண்டு. அது ஒரு விடுபட்ட காற்புள்ளியைப் பற்றியது.

ஓவியரிடம் நான் எதையும் சொல்லவில்லை. அச்சு வேலை சென்னையில் நடந்தது. வெள்ளிக்கிழமை அச்சேறும் என்றிருக்க, புதன்கிழமை மெய்ப்புப் படியை வண்ணத்தில் அச்செடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அதுவரை சொல்லாததை அந்த வாசலிலும் சொல்லவில்லை.

முதற்பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. அதை வாங்கித்தரக் குழுவோடு நான் நடத்திய சண்டை வேறு கதை. சமோசா அளித்தவர், ஒலிபெருக்கி தந்தவர், நாற்காலி அடுக்கியவர் என்று அறுபது பேருக்கு நன்றி கூறிய அந்நூலில், ஓவியர் பெயருக்கு மட்டும் இடம் போதவில்லை என்றார்கள். அவர் தமிழெழுத்துகளை ஒவ்வொன்றாக விரல்வைத்துப் படித்தார். மருத்துவமனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மனைவியை அழைத்தார். அந்த அம்மையார் சீருடையோடு வந்து, அவரையும் பக்கத்தையும் சேர்த்து நிழற்படம் எடுத்தார். மணிலாவிலிருக்கும் மைத்துனருக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

பிறகு அவர் பக்கத்தைப் புரட்டினார்.

"இந்தப் பெண்ணுக்கு என்ன? உடம்பு சரியில்லையா?"

மனைவி குனிந்து பார்த்து, "இரத்தச்சோகை. இரும்புச்சத்து கொடுக்க வேண்டும்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஓவியர் சிரிக்கவில்லை. அச்சுப்பொறியின் கோளாறோ என்று தாளைச் சன்னலருகே கொண்டுபோனார். பதினெட்டையும் பார்த்தார். காக்கை இருந்த பக்கத்தில் கை நின்றது.

"இதையும் அந்த எருமையையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்," என்றார். என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

"என் படங்களையே போட முடியுமா?"

அங்கிருந்தே தலைவரை அழைத்தேன்.

"மேடம், ஃப்ரைடே பிரிண்டுக்குப் போகுது. ஒம்பது பேர் அப்ரூவ் பண்ணது. நேம் வேணும்னாரு, நேம் போட்டாச்சு. வேற என்னவாம்? அவருக்கு ஃப்ரீயா எக்ஸ்போஷர் கிடைக்குது."

அதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன். மீதியைக் குரலிலிருந்தே அவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மெய்ப்பை முதற்பக்கத்துக்குத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள்."

மனைவி அவர்கள் மொழியில் உரக்க ஏதோ சொன்னார்; கையிலிருந்த நிழற்படக் கருவியைக் காட்டி மறுபடியும் சொன்னார். அவர் என்னிடமே பேசினார். "அந்தப் பிள்ளைகள் என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வளர்ந்தபின் இதை எடுத்துப் பார்ப்பார்கள். தங்களை இப்படிப் பார்த்தவன் யார் என்று தேடினால் என் பெயர் கிடைக்கும். அது வேண்டாம்."

வீட்டுக்குப் போய், முதற்பக்கத்தில் அந்த இரண்டு வரிகளையும் நீக்கிப் பொருளாளருக்கு அனுப்பினேன். பதிப்பாசிரியராக நான் சொன்ன திருத்தங்களுள் வாதமின்றி ஏற்கப்பட்டது அது ஒன்றே. இரண்டு நிமிடத்தில் மறுமொழி வந்தது. 'தேங்க்ஸ்கா! ஸ்பேஸ் பத்தலன்னு நெனச்சுட்டே இருந்தேன்.' அவ்விடத்தில், நூல் வெளியீட்டு விழாச் செலவை ஏற்ற வீட்டு முகவர் ஒருவரின் படத்தை வைத்தார்கள். கழுத்துப்பட்டையும் பற்களுமாக இன்றும் அவர்தான் அந்நூலின் வாயிலில் நிற்கிறார்.

அன்றே பள்ளியைவிட்டு விலகினேன் என்று எழுத ஆசைதான். விலகவில்லை. வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள்; தோளைக் கொடுத்தேன்.

ஓவியர் விழாவுக்கு வரவில்லை. மூல ஓவியங்களை மட்டும் திருப்பிக் கேட்டார். அவை தலைவர் வீட்டு கேரேஜில், பயன்படாத ஓட்டப் பயிற்சிப் பொறிக்கும் பழைய டயர்களுக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தன. ஒரு சனிக்கிழமை காலையில் அவரை என் காரில் அழைத்துப்போனேன். பெட்டியை அவரே தூக்கி வந்து, காரின் முன்மூடிமேல் தாள்களைப் பரப்பி, ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். ஓரங்களிலிருந்த நகமளவுத் திட்டுகள் அப்படியே இருந்தன.

பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். புத்தகத்தில் பெயர் வரப்போகிறது என்பதால் படங்களில் அவர் கையெழுத்திட்டிருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். முதல் தாளின் வலக்கோடியில் முழுப்பெயரையும் எழுதினார். அது உலர்ந்ததும் அடுத்தது.

அரைக்காற்சட்டையும் காப்பிக் கோப்பையுமாகத் தலைவர் வெளியே வந்து நின்றார்.

"என்ன மேடம், சைனெல்லாம் பண்றாரு? யாராச்சும் வாங்குறாங்களா? மொதல்லயே சொல்லிருந்தா நம்மளே ஃப்ரேம் போட்டு விழாவுல ஏலம் விட்டிருக்கலாமே!"

அவர் சற்று நின்று பார்த்தார். காப்பி ஆறுகிறதென்று உள்ளே போனார். ஓவியர் ஆறாவது தாளில் இருந்தார். காற்றுக்குப் பறக்காமல் மற்றவற்றின் மூலைகளை நான் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.