மூன்றாம் பக்கத்தில் முப்பத்தைந்து நிமிடம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது எனக்கு என்றைக்கும் பிடிபட்டதில்லை. மன்ற மலருக்கு அச்சுக் கோப்பவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் ஏன் கையால் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டரில் எனக்குத் தமிழ் தட்டத் தெரியாது. நான் படித்தது மலாக்காவில், ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில், ஆறாம் வகுப்பு வரை. வேலை அனுபவத்தை எழுதச் சொல்லி மன்றத்தில் கேட்டு மாதங்கள் ஆகிவிட்டன. எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு வாரத்துக் கதைதான்.

1. டேப் மாற்றிய காலம்

ஆயர் குரோவில் எங்கள் கம்பெனியில் மொத்தம் எட்டுப் பேர். பிறருக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுப்பது தொழில். நான் சேர்ந்தது ஆபிஸ் கூட்டவும் தேநீர் வைக்கவும். பிறகு சாயங்காலம் சர்வரில் பேக்கப் டேப் மாற்றும் வேலையையும் கொடுத்தார்கள். டேப் ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், அலமாரியில் கிடந்த பெர்ல் புத்தகத்தை எடுத்து, அதிலிருந்த உதாரணங்களைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தேன். பெர்ல் என்பது ஒரு ஸ்கிரிப்ட் மொழி. புத்தகத்தின் இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியாது. ஆனால் புரோகிராமுக்குத் தேவையான இங்கிலீஷ் வார்த்தைகள் கொஞ்சம்தான். தப்பாகத் தட்டினால் எந்த வரியில் தப்பு என்று மெஷின் சொல்லும். சிரிக்காது. அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று வருடம் அப்படிப் போனது. ஒருநாள் எங்கள் முதலாளி பாலா சார் பின்னால் வந்து நின்றார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், வெளிநாட்டில் படித்தவர்.

“அண்ணே, இது நீங்க எழுதுனதா?”

“ஆமா சார்.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“புத்தகத்த பாத்துத்தான் சார்.”

கொஞ்ச நேரம் திரையைப் படித்தார். “சரிலா. கூட்டுற வேலைக்கு வேற ஆளு பாத்துக்குவோம்” என்றார்.

2. மறதிக்கு ஒரு மருந்து

வெப் சர்வருக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கம் கேட்டால் கொடுக்கும், கொடுத்ததும் மறந்துவிடும். அதே ஆள் அடுத்த பக்கம் கேட்டால் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கும். அதனால் முதலில் வரும்போதே அவருடைய பிரவுசருக்கு ஒரு நம்பர் கொடுத்துவிடுவோம். அவர் தரும் விவரங்களை அந்த நம்பரின் கீழ் எடுத்து வைப்போம். இதற்கு செஷன் என்று பெயர். அந்த விவரத்தை எங்கே வைப்பது, எப்படி எடுப்பது, எப்போது தூக்கிப்போடுவது என்று பார்த்துக்கொள்ளும் புரோகிராம்தான் ஸ்டோரேஜ் டிரைவர். திறப்பது, படிப்பது, எழுதுவது, மூடுவது, அழிப்பது, பழையதைக் கூட்டித் தள்ளுவது என்று அதற்கு ஆறு வேலை. கடைசி வேலை எனக்கு முன்பே பழக்கம்.

புக்கிட் ரம்பாயில் ஒரு ஃபேக்டரி புதிதாக ஆள் எடுத்தது. வயது பார்க்காமல் எடுப்பதாகச் சொன்னார்கள். ஆனால் விண்ணப்பத்தை வெப்பில்தான் அனுப்ப வேண்டும், ஐந்து பக்கம். அந்த ஃபாரத்தைச் செய்தது நாங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்காக ஜாசின் பஸ் ஸ்டாண்டு அருகில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் ஆறு மெஷின்களை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

எங்களிடம் இருந்த பழைய டிரைவர் ஆளுக்கு ஒரு ஃபைல் போட்டு வைக்கும். எதையும் கூட்டாது. ஃபைல்கள் குவிந்து சர்வர் திணறும். அதனால் டேட்டாபேஸில் வைக்கிற மாதிரி புது டிரைவர் எழுதச் சொன்னார் பாலா சார். இரண்டு வாரத்தில் எழுதினேன். ஒரே ஒரு எண் மட்டும் பாக்கி. யாரும் தொடாமல் எத்தனை நிமிடம் கிடந்தால் ஒரு செஷனைக் கூட்டித் தள்ளலாம்?

இப்போதைக்குப் பத்து நிமிடம் என்று போட்டு டெஸ்ட் செய்தோம். பாலா சார் ஐந்து பக்கத்தையும் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டார். அவர் வெளியே போன பிறகு நானும் நிரப்பிப் பார்த்தேன். மூன்றாம் பக்கம் வேலை அனுபவம்: எந்தத் தோட்டம், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன வேலை. அந்த ஒரு பக்கத்துக்கே எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ‘நெக்ஸ்ட்’ அழுத்தினேன். முதல் பக்கம் வந்து நின்று, பெயர் என்ன என்று கேட்டது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இது என் குறை என்று நினைத்தேன். டிரைவரின் குறையாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. டெஸ்ட் புத்தகத்தில், “ஃபாரம் நிரப்ப 5 நிமிடம். சரி” என்று எழுதினேன். அதற்கு மூன்று மடங்காகப் பதினைந்து நிமிடம் வைத்தேன். அதுவே தாராளம் என்று நம்பினேன்.

3. ஜாசினில் வியாழக்கிழமை

திங்கள் ஆரம்பம், வெள்ளி மாலை ஐந்து மணிக்கு முடிவு. புதன்கிழமை ஜாசினிலிருந்து போன் வந்தது. ஃபாரம் ஆட்களை வெளியே தள்ளுகிறதாம்.

“லாக்ல எரர் ஒண்ணும் இல்லியே” என்றார் பாலா சார், சர்வர் எழுதி வைக்கும் லாக் குறிப்பைப் பார்த்துவிட்டு. “போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே.”

வியாழன் காலை மோட்டார் சைக்கிளில் போனேன். பின்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் லெட்சுமி அக்கா. அவர் பெயர் அப்போது எனக்குத் தெரியாது, திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். பால் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர், நாற்பத்தேழு வயது. அவருடைய தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள், மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. இதைப் பக்கத்தில் வரிசையில் நின்ற பெண்ணிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பழைய கடிதங்கள். வீட்டிலேயே எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒரு விரலால் தட்டினார்.

“அக்கா, நீ தட்டுற நேரத்துல ஒரு வரிச மரம் வெட்டிறலாம்” என்றாள் அந்தப் பெண்.

“மரத்துல எழுத்தத் தேட வேணாம்டி.”

மூன்றாம் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம். ‘நெக்ஸ்ட்’ அழுத்தினார். முதல் பக்கம்.

“பாத்தியா, மறுபடியும் பேரு கேக்குது. மூணு தடவ சொல்லிட்டேன்லா. எங்கள வேல வாங்குற மண்டோருகூட ஒரு தடவ கேட்டா ஞாபகம் வச்சுக்குவான்.” பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். “போதும். நாளைக்கும் லீவு போட்டா இருக்கிற வேலையும் நாளைக்கே போயிரும்.”

நான் சாதாரணமாக முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிறவன் இல்லை. வாசல் வரை பின்னால் போய்விட்டுத்தான் வாய் வந்தது. “அக்கா, நாளைக்கு ஒரு தடவ வாங்க. தள்ளாது.”

“நீங்க யாரு தம்பி அத சொல்றதுக்கு?”

“இத எழுதுனவன் நான்தான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா? நல்ல வேகமான ஆளுதான் எழுதியிருப்பான்னு நெனச்சேன்.”

“நானும் ஒத்த விரல்தான்க்கா.”

அவர் சிரிக்கவில்லை. “காலையில வர்றேன். தள்ளுச்சுன்னா உங்களத்தான் கேப்பேன்” என்று சொல்லி பஸ் ஏறினார்.

எதிரில் இருந்த பொதுத் தொலைபேசியில் பாலா சாரைக் கூப்பிட்டேன்.

“சார், பதினஞ்சு நிமிஷம் பத்தாது.”

“ஒரு பக்கத்துக்கா? யாருண்ணே அவ்ளோ நேரம் எடுப்பா?”

காசு விழும் சத்தம் கேட்டது. “நான் எடுப்பேன் சார். முப்பத்தஞ்சு நிமிஷம் எடுத்தேன். புத்தகத்துல எழுதல.”

“ஏன் எழுதல?”

“வெக்கமா இருந்துச்சு.”

“சரி, ரெண்டு மணி நேரமா ஏத்திருவோமா?”

“அப்ப பாதியில விட்டுட்டுப் போனவங்களோடதெல்லாம் குமிஞ்சு பழையபடி திணறும் சார். வேற ஒண்ணு தோணுது. வந்து காட்டுறேன்.”

அக்கா எழுந்து போகாமல் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அது டிரைவருக்குத் தெரியவில்லை. அதற்குத் தெரிய ஒரு வழி செய்தால் போதும். ஃபாரத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஃபிரேம் ஒன்று, பக்கத்துக்குள் ஒரு குட்டிப் பக்கம் மாதிரி, வைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தானாகப் புதுப்பித்துக்கொண்டு சர்வரைத் தொட்டுவிட்டு வரும். டிரைவரில் ஏழாவதாக ஒரு வேலை சேர்த்தேன், தொடுவது. அது நேரத்தை மட்டும் மாற்றும். உள்ளே இருக்கும் விவரத்தின் மேல் கை வைக்காது. வைத்தால், அதே சமயம் ஆள் ‘நெக்ஸ்ட்’ அழுத்தும்போது புது விவரத்தின் மேல் பழையதை எழுதிவிடும். ஆள் ஜன்னலை மூடிவிட்டுப் போனால் தொடுவதும் நின்றுவிடும். பதினைந்து நிமிடத்தில் கூட்டிவிடலாம்.

அன்று மாலை மூன்றாம் பக்கத்தைத் திறந்து வைத்து நாற்பது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ‘நெக்ஸ்ட்’ அழுத்தினேன். நான்காம் பக்கம் வந்தது.

4. ஒரு வரி அழிந்தது

வெள்ளிக்கிழமை நான் ஜாசினுக்குப் போகவில்லை. ஆபிஸில் டேட்டாபேஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணி தாண்டியும் அவர் பெயர் வரவில்லை. ஒன்பதே காலுக்குப் பஸ் பிந்தியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது இருபதுக்கு லெட்சுமி என்ற பெயரோடு ஒரு வரி முளைத்தது.

மூன்றாம் பக்கம் வந்த பிறகு அந்த வரியில் நேரம் மட்டும் மாறியது. ஒன்பது நாற்பது. ஒன்பது நாற்பத்தைந்து. பக்கம் அசையாமல் நின்றது. பாலா சார் தன் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து மணி. பத்து ஐந்து. “இன்னும் அங்கியேதான் இருக்காங்களா?” என்றார். “இருக்காங்க சார்.” பத்து இருபதுக்கு நான்காம் பக்கம். பத்து நாற்பதுக்கு அந்த வரி காணாமல் போனது.

செஷன் இரண்டு காரணத்தால் அழியும். கூட்டித் தள்ளினால் லாகில் ‘ஸ்வீப்’ என்று விழும். ஃபாரம் முழுதாக வந்து சேர்ந்துவிட்டால் ‘டன்’ என்று விழும். லாகைப் பார்த்தேன். ‘டன்’ என்று இருந்தது.

பாலா சார் டெஸ்ட் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் ‘5 நிமிடம்’ என்பதை அடித்துவிட்டு, மூன்றாம் பக்கம் முப்பத்தைந்து நிமிடம் என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன். அன்றுமுதல் எந்த ஃபாரம் செய்தாலும் முதலில் என்னை நிரப்பச் சொல்லி நேரம் குறிப்பது எங்கள் கம்பெனியில் வழக்கமாகிவிட்டது.

லெட்சுமி அக்காவுக்கு நேர்காணலும் வந்தது, வேலையும் கிடைத்தது. ஃபேக்டரி பஸ்ஸில் போகிறார். ஜாசின் பாசாரில் பார்த்தால், “என்ன தம்பி, என் பேரு ஞாபகம் இருக்கா?” என்று கேட்பார்.

வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் செய்த பொருள் உங்களுக்கே ஒத்துவரவில்லை என்றால், குறை உங்களிடம் என்று மறைக்காதீர்கள். புத்தகத்தில் எழுதுங்கள். உங்களைப் போல இன்னும் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

இதை எழுத எனக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. இடையில் பல தடவை எழுந்து போனேன். திரும்பி வந்தபோதெல்லாம் தாள் விட்ட இடத்திலேயே இருந்தது.

1999 டிசம்பர் 12, ஞாயிறு.