உவர்வெளியைக் கடக்க ஒரு பழைய ஜீப்

எங்கள் வீட்டிற்கும் மன்னார்ப் பிரதான வீதிக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மைல் உவர்வெளி கிடக்கிறது. கோடையில் அது வெடித்துக் காய்ந்து, உப்புப் பூத்து, கழுதைகள் நடந்து திரியும் நிலமாக இருக்கும். மாரி தொடங்கி இரண்டு வாரம் சென்றால் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அடியிலுள்ள களி, பிசைந்த மாவைப்போல் ஆகிவிடும். ஆட்டோக்காரர் எவரும் வீதியோரத்து மதகைத் தாண்டி உள்ளே வரமாட்டார். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய காலத்தில், கடலுக்கு அருகில் ஒரு துண்டுக் காணி கிடைத்ததே பெரிதென்று எண்ணிக் குடியேறினோம். என் மனைவியின் சிறுநீரகங்கள் பழுதடைந்த பின்னரே அந்த ஒரு மைலின் நீளத்தை நான் உணர்ந்தேன். வாரத்திற்கு இரண்டு முறை அவர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டும். சென்ற மாரியில் வெள்ளத்தினால் ஒரு முறை தவறிவிட்டது. மூன்றாம் நாள் அவருடைய முகமும் கால்களும் வீங்கின. மூச்சு முட்டியதால் படுக்க இயலாமல் சுவரிலே சாய்ந்திருந்தார். அயலவர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, மழை படாமல் மேலே படங்கைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோய்ச் சேர்த்தோம். இன்னொரு முறை இவ்வாறு நேர்ந்தால் தம்மால் பொறுப்புச் சொல்ல இயலாதென்று வைத்தியர் அமைதியாகக் கூறினார். அடுத்த மாரிக்கு முன்னர், நான்கு சில்லும் இழுக்கக்கூடிய பழைய வாகனம் ஒன்றை வாங்கிவிடுவதென்று அன்றே தீர்மானித்தேன்.

வாகனம் பார்ப்பதற்கு வேறொருவரின் உதவி எனக்குத் தேவையென்று நான் கருதவில்லை. எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவன் எனினும், நாற்பது வருடங்களாகப் படகு எஞ்சின்களைத் திருத்தி வருபவன் நான். எங்கள் கரையில் எஞ்சின் வாங்குவதற்கென ஒரு முறை உண்டு. விடியற்காலையில், சொல்லாமற் கொள்ளாமற் சென்று, முதலில் உள்ளங்கையை எஞ்சினின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், விற்பவர் முன்னதாகவே இயக்கி அதன் நோயை மறைத்திருக்கிறார் என்று பொருள், பேசாமல் திரும்பிவிடலாம். குளிர்ந்திருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசுவது.

உப்புக்குளத்தில் ஒருவர், படகுகளைக் கரைக்கு இழுப்பதற்கு வைத்திருந்த ஜீப் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு அவ்வாறே விடியற்காலையில் சென்றேன். அவர் சாரத்தை இறுக்கிக் கட்டியபடி வெளியே வந்தார்.

“என்ன அண்ணை, கோழி கூவ முதலே வந்திட்டியள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்பம்.”

“தேத்தண்ணி பிறகு குடிக்கலாம் தம்பி,” என்று கூறி, எஞ்சினை மூடிய பொனற்றின்மேல் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது.

என் மனைவி பின்னால் நின்று அவரிடம் சொன்னார்: “பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் இவர் உப்பிடித்தான். என்னைப் பாக்கேல்லை. எங்கட அப்பாவின்ர படகு எஞ்சினைத்தான் தடவிப் பாத்தவர்.”

“அது இப்பவும் ஓடுதோ அக்கா?”

“அது எப்பவோ கடலுக்க போட்டுது. நான்தான் மிச்சம்.”

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கையில் நான் எஞ்சினை இயக்கினேன். ஒரே முறையில் பிடித்தது; புகை இல்லை; ஓசையிலே பிசிறு இல்லை. ஒரு மணி நேரம் நின்று கேட்டேன். பின்னர் மூவரும் ஏறிக் கடற்கரைக்குச் சென்றோம். அரைச் சில்லு புதையும்வரை மணலில் இறக்கினேன், ஏறி வந்தது. அலை நனைக்கும் இடத்தில் ஓட்டினேன்; தயங்கவில்லை. இத்தகைய எஞ்சினை ஒரு படகிலே கண்டிருந்தால், வயதையும் மறந்து ஆழ்கடலுக்குப் போயிருப்பேன். வாங்குவதென்று மனத்தினுள் முடிவு செய்துவிட்டே தார் வீதிக்கு ஏற்றினேன்.

வளைவு ஒன்றில் நான்கைந்து கழுதைகள் வீதியின் நடுவே நின்றன. பிறேக்கை மிதித்தேன். மிதிகட்டை தடையின்றி அடிவரை போனது. வாகனமோ வேகம் குறையாமல் ஓடியது. சுக்கானைத் திருப்பி வீதியோர மணலுக்குள் விட்டேன். மணல்தான் எங்களை நிறுத்தியது. என் மனைவியின் முழங்கால் முன்னிருக்கையில் அடிபட்டது. கழுதைகள் நின்ற இடத்திலேயே நின்றன.

“தம்பி, இதுக்குப் பிறேக் இல்லையோ?” என்று கேட்டேன்.

“இருக்கண்ணை. மூண்டு நாலு தரம் உழக்கினாப் பிடிக்கும். கடற்கரையில ஓடுறதுக்கு ஆர் பிறேக் பிடிக்கிறது? காலை எடுத்தா மணலே நிப்பாட்டிப்போடும்.”

அந்தப் பதிலில் வஞ்சகம் இருக்கவில்லை. அவர் என்னைப் போன்ற இன்னொரு கடற்கரைக்காரர், அவ்வளவுதான். படகிற்குப் பிறேக் கிடையாது. கடலிலே எஞ்சின் நின்றால்தான் மரணம். ஆகவே, நிற்காமல் ஓடுமா என்பதொன்றே நாங்கள் கேட்கப் பழகிய கேள்வி. அதே கேள்வியைத்தான் அந்த ஜீப்பிடமும் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தடவையேனும் குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் மணலில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். பிறேக் எண்ணெய் செல்லும் குழாய் நகத்தால் சுரண்ட உதிர்ந்தது. அடிச்சட்டத்தின் இரும்பைத் திருப்புளியால் குத்தினேன். அப்பத்தின் ஓரம்போல் தகடு தகடாகக் கழன்றது. வருடக்கணக்காக உப்புத் தண்ணீரில் நின்ற வாகனம்.

அவர் குழாய்களைப் புதிதாகப் போட்டுத் தருவதாகக் கூறினார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த எஞ்சினுக்காக எனக்கு ஆசை எழுந்தது. என் மனைவி முழங்காலைத் தடவியவாறு, “பைப்பை மாத்தலாம். முழு இரும்பையும் மாத்துவாரோ? வாங்கோ, போவம்,” என்றார்.

இரண்டாவது வாகனம் உயிலங்குளத்தில் இருந்தது. நெல் மூட்டை ஏற்றுவதற்கு ஒரு விவசாயி பாவித்தது. மாரிக்கு ஐந்து வாரங்களே இருந்தன. புறப்படும்போதே என் மனைவி கட்டளையிட்டார்: “இந்தமுறை நான்தான் கேப்பன். நீங்கள் வாயைத் திறக்காமல் எஞ்சினைத் தடவுங்கோ.”

பார்ப்பதற்கு அது அழகற்ற வாகனம். நிறம் உரிந்திருந்தது; இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. குளிர்ந்த எஞ்சினை இயக்கியபோது மூன்றாம் தடவைதான் பிடித்தது, வெண்புகை தள்ளியது. நான் முகத்தைச் சுளித்தேன். ஆனால் முதல் வேலையாகச் சாக்கை விரித்து அடியிலே படுத்தேன். சேறு தடிப்பாக ஒட்டியிருந்தது. சுரண்டிவிட்டுச் சுத்தியலால் தட்டினேன். இரும்பு கோயில் மணிபோல் உறுதியாக ஒலித்தது. வயல் தண்ணீர் நல்ல தண்ணீர். அது இரும்பை அவ்வளவாகத் தின்னவில்லை. கியர்ப் பெட்டியின் எண்ணெயைச் சிறிது விரலில் எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்தால் பாலைப்போல் வெளுத்திருக்கும்; இது வெளுக்கவில்லை.

மனைவி விவசாயியிடம், “வேகமாப் போய்ச் சடுதியா நிப்பாட்டிக் காட்டுங்கோ,” என்றார். காட்டினார், நேராக நின்றது. பின்னர் என் மனைவி பின்கதவால் ஏறினார், இறங்கினார். மீண்டும் ஏறினார், இறங்கினார், மூன்றாம் முறையும் படியில் காலை வைத்தார்.

விவசாயி வியப்புடன் கேட்டார்: “என்னம்மா, மூண்டாந்தரமும் ஏறுறியள்? வாகனம் வாங்க வந்தனீங்களோ, தேர் பாக்க வந்தனீங்களோ?”

“ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் செய்துபோட்டு வரேக்க என்ர காலில சத்து இராது தம்பி. கிழமைக்கு ரெண்டு தரம். போன மாரி ஒருக்கா போகேலாமல் சாகக் கிடந்தனான்.”

விவசாயி தலையிலிருந்த துவாயை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“அப்பிடியெண்டால் ஒண்டு சொல்லவேணும். முன்னுக்கு இடது சில்லின்ர பூட்டு சில நேரம் விட்டுப்போகும். காய்ஞ்ச றோட்டில தெரியாது. சேத்துக்க இறங்கினால் முன்சில்லு இழுக்காது. எனக்கு உழவு மிஷின் இருக்கு, கட்டி இழுத்திடுவன். உங்களை ஆர் இழுக்கிறது?”

நான் அந்தக் குறையைக் கண்டுபிடித்திருக்கவில்லை. கண்டுபிடித்திருக்க முடியும் என்றும் தோன்றவில்லை. என் மனைவி தம் நோயைச் சொல்லியிராவிடில் நாங்கள் அதை வாங்கிக்கொண்டு வந்து, உவர்வெளியின் நடுவிலேதான் அறிந்திருப்போம். சில்லை அச்சோடு பிணைக்கும் அந்தப் பூட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பற்கள் தேய்ந்திருந்தன. வேறு பூட்டுத் தேடிப் பொருத்த மூன்று வாரங்கள் சென்றன. விவசாயி தமது வயலில் வாய்க்காலை வெட்டித் தண்ணீர் விட்டு, உழுத சேற்றில் இரண்டு முறை நானே ஓட்டிப் பார்த்து வெளியேறிய பின்னர்தான் வாகனத்தை இயக்கும் திறப்பைக் கையில் தந்தார்.

இவ்வருட மாரி பிந்தி வந்தாலும் ஒரேயடியாகப் பெய்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெளி முழுவதும் வெள்ளமாய்க் கிடந்தது. பாதை எங்கே என்பதை வேலிக் கட்டைகளைக் கொண்டே ஊகித்தேன். சில்லின் நடுவரை தண்ணீர் ஏறியது. எஞ்சின் தன் வழக்கம்போல் புகைத்துக்கொண்டு, மாட்டு வண்டியின் வேகத்தில் சென்றது. மதகைத் தாண்டித் தார் வீதியில் ஏறியதும் என் மனைவி, “செபமாலை எத்தினை மணி உருட்டினன் எண்டு தெரியேல்லை,” என்றார்.

ஆஸ்பத்திரியில் தாதி எங்களைக் கண்டு, “உங்கட பக்கம் வெள்ளம் எண்டாங்கள், இண்டைக்கு வரமாட்டியள் எண்டு நினைச்சம்,” என்று கூறி, மனைவியின் உடல் நிறையைப் பார்த்துக் கட்டிலைக் காட்டினார். ஊசி ஏற்றி இயந்திரத்தை இயக்கும்வரை அருகிலே நின்றேன். பின்னர் அனுமதி கேட்டு, வெளிக் குழாயிலிருந்து ஒரு வாளி நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு போய், ஜீப்பின் அடியிலே ஒட்டியிருந்த உவர்ச்சேற்றைக் கழுவத் தொடங்கினேன். நான்கு மணி நேரம் இருந்தது.