கொட்டாரம் எடைமேடைக்கு மறுபடி வந்த சத்தம்

கோட்டாறு கம்போளச் சந்தைக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் முப்ஷிராவிடம் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோய், தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டு நல்ல பதில் வாங்கியவர் எவருமில்லை. நாற்பத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கணவர் நௌஷாத்துக்குக் குளச்சலில் வலைக்கடை. அந்தக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாமியாரிடம், "எனக்கு மீன் வாடை ஆகாது மாமி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தவள் அவள்.

லேத் பட்டறை, அச்சகம், ரத்தப் பரிசோதனைக்கூடம் என்று இருபத்தைந்து வருடத்துப் பெட்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. அவற்றில் முதலில் படுப்பது ஹார்ட் டிஸ்க்தான். உள்ளே தட்டு சுற்றிச் சுற்றித் தேய்ந்து, ஒரு நாள் ஊளையிடத் தொடங்கும். முப்ஷிரா அதைக் கழற்றி, உள்ளிருப்பதை எல்லாம் தீப்பெட்டி அகலம்கூட இல்லாத ஒரு மெமரி கார்டில் இறக்கி, அதே இடத்தில் பொருத்திவிடுவாள். சுற்றுவதற்கு அதில் ஒன்றுமில்லை, சத்தமும் இல்லை. இதுவரை நூற்று நாற்பது பெட்டி செய்திருக்கிறாள், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவளே எல்லோரிடமும் சொல்லுவாள். அடக்கமெல்லாம் அவளுக்கு வராது.

முதன்முதலாகப் புகார் வந்தது, கொட்டாரத்தில் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக் கம்ப்யூட்டருக்குத்தான். மேடையின் சொந்தக்காரர் பொன்னுலிங்கம். ஹார்ட் டிஸ்க் போட்ட கூச்சலில் போன் பேச முடியவில்லை என்று அவர்தான் அவளைக் கூப்பிட்டு கார்டு போடச் சொன்னார். போட்டு நாலு நாள்கூட ஆகவில்லை, போனில் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"ஒரே லாரி மூணு மட்டம் பதிவாகுது. ஒரு லோடுக்கு மூணு கணக்கான்னு செங்கல்காரன் வந்து சண்டை பிடிக்கான். இன்னிக்கு மூணு மணிக்கு கம்பெனி ஆளு வருகான், புது மெஷின் போடப்போறேன். அதுக்கு ஆளே வேண்டாமாம்."

கடைசி வார்த்தைதான் முப்ஷிராவுக்குச் சுருக்கென்றது. அந்த மேடையில் ஆள் என்றால் சுயம்பு ஒருவர்தான். வயது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடமாக அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர். தன் கை பட்ட பெட்டியால் ஒருவருக்கு வேலை போவதா? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பத்து மணிக்கே போய்ச் சேர்ந்தாள்.

கார்டைச் சோதித்தாள். ஒரு குறையும் இல்லை. எனக்குத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு சுயம்புவைக் கவனித்தாள்.

ஒரு லாரி ஏறியது. சுயம்பு பித்தானை அமுக்கினார். கண் ஜன்னலுக்கு வெளியே லாரியின் மேல். எடை அந்த நொடியே பதிந்துவிட்டது. அவரோ காத்திருந்தார், மறுபடி அமுக்கினார், பிறகு இன்னொரு தரம்.

"என்ன அண்ணாச்சி, எத்தன மட்டம் அமுக்குதீங்க?"

"பின்னே? முந்தி அமுக்கினா கறகறன்னு கேக்கும். அது நின்னா எடை ஏறியாச்சுன்னு லாரிக்குக் கைய காட்டுவேன். இப்ப ஒரு அனக்கமும் இல்ல மக்கா. இந்தச் சவத்துல எடை பதிஞ்சுதா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஸ்கிரீன்ல காட்டும்லா."

"ஸ்கிரீனைப் பாத்தா லாரிய யாரு பாக்கது?"

முப்ஷிரா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்தி எடையைக் குறைப்பது, காலி வண்டி நிறுக்கும்போது கிளீனரையும் மேடையில் ஏற்றுவது என்று டிரைவர்மார் காட்டும் வித்தை கொஞ்சமில்லை. இவர் கண் வெளியே இருந்தாக வேண்டும், கம்ப்யூட்டருக்கு மிஞ்சியது காது மட்டும்தான். அந்தக் காதின் வேலையைத்தான் அவள் பிடுங்கிவிட்டாள். நூற்று நாற்பது பெட்டி பார்த்தவள், பெட்டி முன்னால் இருக்கும் ஆளைப் பார்க்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதை ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை கிடையாது.

பையிலிருந்து, மின்சாரம் பாய்ந்தால் டிக்கென்று தட்டும் ஒரு சின்ன ரிலேயையும் டிரான்சிஸ்டரையும் எடுத்தாள். கார்டு வேலை செய்யும்போது பெட்டியின் முகப்பில் மினுக்கும் விளக்கின் ஒயரில் அவற்றைப் பற்றவைத்தாள். இனி அந்த விளக்கு மினுக்கும்போதெல்லாம் டிக் டிக் என்று கேட்கும். முக்கால் மணி நேர வேலை.

இரண்டரைக்கு பொன்னுலிங்கம் வந்து சேர்ந்தார். அவர் கேட்கும் முன்பே முப்ஷிரா சொன்னாள்: "தப்பு என்னுதாக்கும் முதலாளி. அண்ணாச்சியோடது இல்ல. சரி பண்ணியாச்சு. நின்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

ஜல்லி லாரி ஒன்று ஏறி நின்றது. சுயம்பு பித்தானில் விரலை வைத்தார், அமுக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏலே, பின்டயரு தரையில நிக்குல்லா? ஏத்தி நிறுத்து."

டிரைவர் சிரித்து மழுப்பிக்கொண்டே வண்டியை ஒரு முழம் முன்னால் எடுத்தான். சுயம்பு அமுக்கினார். டிக் டிக் என்று நாலைந்து தரம் கேட்டு அடங்கியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைக் காட்ட, லாரி இறங்கிப் போனது. பதிவில் ஒரே ஒரு எடை.

பொன்னுலிங்கம் ஜன்னலையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது அவர் போன் அடித்தது. கம்பெனிக்காரன், வழியில் இருக்கிறானாம்.

"நீ வரவேண்டாம்," என்றார் பொன்னுலிங்கம். "இங்க ஆளு இருக்கு."