கூட வந்திருப்பவர் யார்

சரவணம்பட்டியில் ஒரு பொறியியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் எனக்கு வேலை. எந்த மாணவர் எந்த அறையில் உட்கார வேண்டும் என்ற பட்டியலைத் தயாரித்து, சரிபார்த்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது என் பொறுப்பு. பதினெட்டு வருடங்களில் ஓர் எண் கூடத் தவறியதில்லை. சென்ற வருடம் ஒரு தேர்வு நாள் காலையில், தங்கள் எண் எந்த அறையிலும் இல்லை என்று மாணவர்கள் கூட்டமாக வந்து அலுவலக வாசலில் நின்றார்கள். பட்டியலைக் கொண்டு வந்து காட்டினார்கள். இடது ஓரத்து வரிசை முழுக்கப் பழைய தேர்வின் எண்கள். மற்ற வரிசைகளை மாற்றிய நான் அதை மட்டும் மாற்றவில்லை. முந்தைய நாள் இரண்டு முறை சரிபார்த்தேன். அப்படி ஒரு வரிசை அங்கே இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

வயது ஐம்பத்து மூன்று. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். அதன் பிறகும் இடது தோள் கதவு நிலையில் இடித்தது. ஸ்கூட்டியைக் கேட்டில் உரசினேன். வீட்டில் நான் மட்டும்தான் என்பதால், தோளில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்க ஆள் இல்லை.

அடுத்த வாரம் கோபிசெட்டிபாளையத்தில் என் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காந்திபுரம் போனேன். 'பாளையம்' என்று போர்டைப் பார்த்து ஏறி உட்கார்ந்தேன். தலை வலித்ததால் கண்ணை மூடிக்கொண்டேன். நடத்துநர் டிக்கெட் கேட்டு வந்தபோது வண்டி வெகு தூரம் போயிருந்தது.

"கோபி ஒண்ணுங்க."

"அம்மணி, இது மேட்டுப்பாளையம் வண்டிங்க. போர்டைப் பாக்கலீங்களா?"

பார்த்தேன். பாதியைத்தான் பார்த்திருக்கிறேன். இறங்கி, எதிர்ப்பக்கம் போக ரோட்டைக் கடக்கும்போது இடதுபுறம் இருந்து வந்த லாரி ஹாரன் அடித்த பிறகுதான் அப்படி ஒரு லாரி இருப்பது தெரிந்தது. அங்கேயே ஒரு பேக்கரி பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

சாயந்தரம் அண்ணன் கூப்பிட்டார்.

"வரமாட்டேன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நாங்க வாசல்ல நின்னு ரோட்டையே பாத்துட்டு இருந்திருக்க மாட்டமில்ல?"

"தலைவலிங்கண்ணா."

"செரி அம்மணி" என்று வைத்துவிட்டார்.

அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. இருபது வருடங்களுக்கு முன் நான் கணவரை விட்டுப் பிரிந்து வந்தபோது, திரும்பிப் போகச் சொன்னவர் அவர். நான் போகவில்லை. அதற்காகச் சண்டை ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. விசேஷங்களுக்கு மட்டும் பார்த்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. இப்போது அதற்கும் நான் வரவில்லை என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் மருத்துவரிடம் போனேன். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, விரலை ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

"ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம்தான் மறைக்குதுங்க. கோளாறு கண்ணுல இல்லை, தலைக்குள்ள. இதுக்கு முன்னாடி பெரிய வைத்தியம் ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா?"

மூன்று வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து வலது மார்பை எடுத்ததைச் சொன்னேன். அவர் உடனே ஒரு தாளில் ஸ்கேன் எழுதி, பழைய மருத்துவரையே இன்றைக்கே பார்க்கச் சொன்னார்.

முன்பு எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். மூளையின் பின்புறம், வலது பக்கத்தில், ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு வெள்ளையாக இருந்தது.

"மார்புல இருந்ததைத்தான் அப்பவே எடுத்துப்போட்டீங்களேங்க. தலைக்கு எப்படிங்க போச்சு?"

"எடுக்கறதுக்கு முன்னாடியே கெளம்பியிருக்கும்ங்க. கட்டியில இருந்து செல்லுக கழண்டு ரத்தத்துல கலக்கும். முக்காவாசி வழியிலேயே செத்துரும். ஏதோ ஒண்ணு மூளைக்குப் போற மெல்லிசு ரத்தக்குழாய்ல சிக்கி, அதோட செவுத்தைத் தாண்டி உள்ளே போயிரும். போன ஒடனே வளராது. வருசக்கணக்குல சும்மாவே கெடக்கும்."

"அத்தனை கீமோ போட்டமேங்க."

"மூளைக்குன்னு ஒரு காவல் இருக்குதுங்க. ரத்தத்துல வர்ற எல்லாத்தையும் உள்ளே விடாது. நம்ம மருந்துலயும் பாதிக்கு மேல வெளியவே நின்னுரும். உள்ளே போன செல்லு அதனால தப்பிச்சுக்கும்."

"அப்ப இது மூளைப் புற்றுநோயுங்களா?"

"இல்லைங்க. எடம்தான் மூளை. செல்லு மார்போடதுதான். மருந்தும் அதுக்குத்தான் பாக்கணும்."

கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா? ஒரு மாத்திரை கூட விட்டதில்லைங்க."

"நீங்க பண்ணுனது ஒண்ணுமே இல்லை. உங்களுக்கு வந்த வகைக்கு தலைக்குப் போற கொணம் கொஞ்சம் சாஸ்தி, அவ்வளவுதான்." பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "கூட யாருங்க வந்திருக்காங்க?" என்றார்.

"அண்ணன் வந்துட்டிருக்காருங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

முதல் முறை நோய் வந்தபோது கூட இருந்தது என்னோடு வேலை பார்த்த தோழி. அவள் ஓய்வு பெற்று, மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். மருத்துவமனைக் கேண்டீனில் ஒரு டீ வாங்கி வைத்துக்கொண்டு, போனில் இருந்த பெயர்களை முதலில் இருந்து கடைசி வரை தள்ளிப் பார்த்தேன். ஆபீஸ் ஆட்கள், கேஸ்காரர், பிளம்பர், தண்ணி லாரி. அவர்களுக்கு இதைச் சொன்னால் என்ன சொல்வார்கள், பாவம். அண்ணன் பெயர் வந்தபோது சற்று நின்று, அதையும் தள்ளிவிட்டேன். டீ ஆறிப்போயிருந்தது.

அந்த இடத்தில் மட்டும் படும்படி மூன்று நாள் கதிர்வீச்சு தருவதென்று முடிவானது. தலை அசையாமல் இருக்க, முகத்தின் அச்சில் ஒரு வலை முகமூடி செய்தார்கள். முதல் நாள் காலை நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். கூட வந்திருப்பவர் பெயர், உறவுமுறை, கையெழுத்து. அது இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார். முடிந்ததும் தலை சுற்றலாம், வலிப்பு வரலாம், ஆள் இருந்தே ஆக வேண்டுமாம்.

"வந்துட்டிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

படிவத்தோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், பல்லடத்துக்காரர். கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். உள்ளே கதிர்வீச்சு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் படிவத்தைக் கேட்டார்.

"குடுங்க, நான் போட்டுத் தாரேன். ஒறவுமுறைன்னு இருக்குதுங்களே, என்ன எழுதட்டும்?"

"உங்க இஷ்டம்ங்க."

அவர் 'அக்கா' என்று எழுதினார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நர்ஸ் அதைப் படித்துவிட்டு எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தார். படிவத்தை ஃபைலில் வைத்துக்கொண்டார்.

மேஜையில் படுக்க வைத்து, முகமூடியை இறுக்கி மாட்டினார்கள். எல்லோரும் வெளியே போனார்கள். கனமான கதவு மூடியது. "அசையாதீங்கம்மா" என்று ஸ்பீக்கரில் ஒரு குரல். வலி இல்லை. மெஷின் சுற்றும் சத்தம் மட்டும். வாயைத் திறக்க முடியாது. அழுதால் அசைந்துவிடுவேனோ என்று பயந்து அழாமல் இருந்தேன். வெளியே வந்தபோது அந்தப் பெண் தன் டப்பாவில் இருந்து எனக்கும் இரண்டு இட்லி வைத்திருந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. கணவருக்கு முந்தைய நாளோடு கதிர்வீச்சு முடிந்திருக்கிறது. போன் நம்பர் வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. நர்ஸ் முந்தைய நாள் படிவத்தைப் பார்த்து, "அக்கா எங்கீங்க?" என்றார். ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "இன்னிக்கு நான் பாத்துக்கறேன். நாளைக்கு நெசமாலுமே ஆள் வேணும்ங்க" என்றார்.

அன்று மத்தியானம் அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பஸ்ஸை மாற்றி ஏறியது உட்பட. "காத்தால வாரேன்" என்றார்.

மூன்றாம் நாள் காலை அண்ணன் வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான் கதிர்வீச்சு முடிந்து வெளியே வரும்போது அண்ணனும் அண்ணியும் பெஞ்சில் இருந்தார்கள். அண்ணன் எழுந்து என் முகத்தைப் பார்த்தார்.

"மூஞ்சியில என்ன கண்ணு?"

"வலையோட தடம்ங்கண்ணா. கொஞ்ச நேரத்துல போயிரும்."

"அன்னிக்கு நீ வரலைன்னு நான்…" என்று ஆரம்பித்தார். என் பையை வாங்கிக்கொண்டு, என் இடது பக்கமாக வந்து நடந்தார்.

ஒரு வாரம் என்னோடு இருந்தார்கள். அண்ணி விதவிதமாகச் சமைத்தார். சமையலறையில் அவர்கள் மெதுவாகப் பேசிக்கொள்வது கேட்கும். நான் போனால் நின்றுவிடும். அப்போதுதான், யாரும் இல்லாமல் இருந்த நாட்களைவிட அதிகத் தனிமையாக இருந்தது. கோபிக்கே வந்துவிடச் சொன்னார்கள். வேலையும் வைத்தியமும் இங்கே இருக்கிறது என்று சொல்லி இருந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லவில்லை. மூளையின் காவலைத் தாண்டிப் போகும் மாத்திரை ஒன்று சாப்பிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். இடப்பக்கப் பார்வை கொஞ்சம்தான் திரும்பியது. ஸ்கூட்டியை விட்டுவிட்டேன். கல்லூரியில் இப்போது போன் எடுத்துப் பதில் சொல்லும் மேஜை. தட்டில் இடது பக்கம் பொரியல் மீதியாகிவிடாமல் இருக்க, தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்துச் சாப்பிடப் பழகியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கூப்பிடுகிறார். மாத்திரை போட்டாயா என்பார். காற்றில் வாழை சாய்ந்ததைச் சொல்வார். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச்சு ஓடாது. அந்தப் பக்கம் மோட்டார் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். "வெச்சரட்டுமா கண்ணு?" என்பார். நானும் சரி என்பேன்.

சென்ற வாரம்தான், "கொஞ்ச நேரம் இருங்கண்ணா" என்றேன். அவர் இருந்தார்.