அக்காவின் நாக்கு

என் அக்காவுக்கு யாருடைய பேச்சும் ஒட்டிக்கொள்ளும். திருப்பதிச் சந்தையில் தெலுங்குக்காரியிடம் புளி வாங்கினால் அவளைப் போலவே இழுப்பாள். பாகாலா அத்தை வந்தால் வீட்டில் இரண்டு அத்தைகள் பேசுவார்கள். நானோ தெலுங்கில் வாயைத் திறந்ததுமே தமிழச்சியா என்று கேட்டுவிடுவார்கள். ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே மிஷன் பள்ளியில் படித்தோம். அவளுக்கு மட்டும் ஏன் என்றால், கர்த்தர் கொடுத்தது என்பார்கள். கொடுத்தவர் கூடவே ஒரு கடிவாளமும் கொடுத்திருக்கலாம்.

அவளுக்கு டீச்சர் ஆக வேண்டும். பயிற்சிப் பள்ளியில் சேர, மிஷனின் வெள்ளைக்காரத் துரைசானி நேரில் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இடம் கிடைக்காவிட்டால், ஏர்பேட்டில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிவைப்பதாக எங்கள் நைனா வாக்குக் கொடுத்திருந்தார்.

"தொரசானி மாரியே இங்கிலீஷ் பேசுறியே, வேற இன்னா வேணும்? தைரியமா பேசும்மா" என்று எங்கள் இருவரையும் துரைசானியின் சித்தூர் பங்களாவுக்கு அழைத்துப் போனார்.

துரைசானிக்கு ஈளை நோய். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் மூச்சை இழுத்துத்தான் அடுத்ததற்குப் போவார். அக்கா முதலில் ஒழுங்காகத்தான் பதில் சொன்னாள். பேசப் பேச அந்த மூச்சிழுப்பும் வந்துவிட்டது. துரைசானியின் முகம் சிவந்தது. அக்கா மன்னிப்புக் கேட்டாள், அதுவும் அதே இழுப்போடு.

"வியாதியைக் கேலி செய்கிற பெண், பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுப்பாள்?" என்று நைனாவிடம் தமிழில் கேட்டுவிட்டுத் துரைசானி எழுந்து போய்விட்டார்.

"உன் வாய்ல மண்ணு உழ. நீயே கெடுத்துக்கினியேடி" என்று நைனா வழியெல்லாம் திட்டினார்.

"நான் வேணும்னு பண்ல நைனா. அவங்க பேசிக்கினு இருந்தா அதுவா வந்துடுது."

அதற்குப் பிறகு வெளியாட்கள் முன்னால் அவள் வாயே திறக்கவில்லை. துரைசானி மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். நைனா மேலும்தான்.

கல்யாணத்தன்று காலை, புடவை கட்டிவிடும்போது, "ஐயரு கேக்கும்போது இஷ்டமில்லன்னு சொல்லிடப் போறேன்டி" என்றாள் என்னிடம். எங்கள் சபையில் பெண் தன் சம்மதத்தை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியாக வேண்டும்.

எங்கள் பாதிரி ஐயர் திருநெல்வேலிக்காரர், ராகம் போட்டுப் பேசுகிறவர். "இவரைப் புருஷனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டார். அக்காவின் உதடு பிரிந்தது. உடனே பல்லால் கடித்துக்கொண்டாள். அவருடைய ராகம் அவள் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் மறுபடியும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெக்கம்" என்றாள் எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி. ஐயர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, புன்னகைத்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார்.