நான் எழுதாமல் விட்ட தெருமுனை

என் மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேசவும் வரும், படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் முழுக்கப் பர்மிய மொழி. இதைச் சொல்லி நான் அங்கலாய்க்காத உறவுக்காரர் ரங்கூனில் பாக்கியில்லை. ஆனால் அதில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. வீட்டில் நடப்பதையெல்லாம் எடுத்துக் கதைகளில் இஷ்டத்துக்கு எழுதுவேன். எழுதியதை மேசை மேலேயே போட்டுவிட்டுச் சமைக்கப் போவேன். யார் படிக்கப் போகிறார்கள்?

அதற்கு வேட்டு வைத்தவர் என் மொழிபெயர்ப்பாளர். ரங்கூனிலேயே க்யிம்யிண்டைங் பேட்டையில் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த பர்மியப் பெண்மணி. ஒரு தமிழரைக் கட்டிக்கொண்டு மாமியாரோடு பல காலம் குடித்தனம் செய்தவர். "மாமியா திட்டுறது புரியணும்னு பேசக் கத்துக்கிட்டேன். ஊருக்குக் கடுதாசியில என்னைப் பத்தி என்ன எழுதுதுன்னு பாக்கப் படிக்கக் கத்துக்கிட்டேன்" என்பார். தமிழை மாமியார் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டதால் அவருடைய பாராட்டும் வசவு மாதிரிதான் வரும். "இந்த எடத்த நல்லா எழுதித் தொலைச்சிருக்கே, தங்கச்சி!" முதல் தடவை கேட்டபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு அந்த வசவுக்காகவே எழுத ஆரம்பித்தேன்.

ஒரு பர்மிய மாத இதழுக்காக அவர் என் கதை ஒன்றை எடுத்துக்கொண்டார். தாயும் மகளும் லத்தா சந்தைக்குப் போகிறார்கள். தாய் தெருவில் தமிழில் கூப்பிடுகிறாள் என்று வெட்கப்பட்டு மகள் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. எழுதும்போதே அழுதேன். நான் எழுதியதில் அதுதான் உசத்தி என்று எனக்கு ஒரு கர்வம். அந்த மகள் யார் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நிஜத்திலிருந்து நான் மாற்றியது அவள் பாவாடையின் நிறத்தை மட்டும்தான்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வழக்கம். எழுதியதைப் பர்மிய மொழியிலேயே வளர்ந்த ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டாமல் கையைவிட்டு அனுப்ப மாட்டார். என் பர்மிய மொழி மீன் வாங்கத்தான் லாயக்கு என்பது அவர் தீர்ப்பு. கதையைப் படிக்க அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் மழை, கரண்ட் போய்விட்டது. டி.வி. நின்றுபோனதால் என் மகள் கூடத்துக்கு வந்தாள்.

"நீ வா, உக்காரு. உங்கம்மா காது பத்தாது" என்றார் அவர்.

நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவளும் நானும் சேர்ந்து செய்வதென்று அப்போது மிச்சமிருந்தது வாரத்துக்கு ஒரு முறை அந்தச் சந்தைக்குப் போவது மட்டும்தான். இதைக் கேட்டுவிட்டு அதற்கும் வரமாட்டேன் என்றால்?

அவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். மகள், பர்மாக்காரர்கள் தின்பண்டமாகச் சாப்பிடும் ஊறவைத்த தேயிலையையும் வறுத்த பயற்றையும் கொறித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"பர்மீஸ் நல்லாருக்கு, ஆன்ட்டி. கதைதான் பொய்யி."

"என்னது பொய்?" என்றேன். எழுதினவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது நான்தானே? தமிழுக்கு எதுக்கும்மா வெக்கம்? அந்தத் தெருவுல ஆளுக்கு ஒரு பாஷை பேசுறாங்க. நீ மீனு செவுளத் தூக்கிப் பாக்குற, மோந்து பாக்குற, செத்து ஒரு வாரமாச்சுன்னு கத்துற, கடைசில வாங்காம வர்ற. மறுநாளு அதே வழியா நான் கிளாசுக்குப் போவணும். அதான் ஓடுறேன்."

மொழிபெயர்ப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு மொழியின் துயரம் என்று நான் கட்டிய கோட்டை, கேவலம், ஒரு விரால் மீனில் வழுக்கி விழுந்தது.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "முன்னாடி போவேன், சரி. ஆனா முனையில நின்னு காத்துக்கிட்டு இருப்பேன்ல? அத ஏன் எழுதல?"

எனக்குச் சுருக்கென்றது. நின்றாள்தான். ஒவ்வொரு தடவையும் தெருமுனையில் குடையை விரித்தபடி நிற்பாள். நான் போய்ச் சேர்ந்ததும் கனமான பையை வாங்கிக்கொள்வாள். அது எனக்குத் தெரியாததல்ல. அதை எழுதினால் அழுகை வராது என்று விட்டுவிட்டேன்.

"அக்கா, நீங்களே ஒரு வரி சேத்துக்குங்க" என்றேன்.

"நான் ஏன் சேக்கணும்? தமிழ்ல இருக்கிறதத்தான் நான் எழுதுவேன். நீ எழுதித் தொலை." பென்சிலை என் பக்கம் தள்ளினார்.

மீனையும் தெருமுனையையும் எழுதினேன். மகள் என் தோளுக்கு மேல் குனிந்து, தனக்குத் தெரியாத அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன எழுதியிருக்க? படி."

படித்தேன். அத்தனை வருஷத்தில் நான் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. படித்துக் காட்டும் புத்தி எனக்கும் வந்ததில்லை, படிக்கச் சொல்லும் புத்தி அவளுக்கும் வந்ததில்லை.

"குடைய விட்டுட்ட" என்றாள். சேர்த்தேன்.

பர்மிய இதழில் அந்தக் கதை மீனோடும் குடையோடும் வந்தது. அழுகைக் கதையைப் படித்தவர்கள் சிரிக்கிறார்களே என்று நான் முணுமுணுத்தபோது, "ரெண்டாந்தடவ ஒழுங்கா எழுதித் தொலைச்சே, அதான்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அடுத்த வாரம் சந்தைக்குக் கிளம்பும்போது மகளைக் கூப்பிடப் பயமாக இருந்தது. அவளே பையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். லத்தாவில் வழக்கம்போல் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். நான் விராலின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், மீன்காரியோடு வழக்கத்தைவிட நீளமாகவே சண்டை போட்டேன். நடுநடுவே திரும்பிப் பார்த்தேன். முனையில் குடை விரிந்தேயிருந்தது.