கொட்டகைப் பூட்டை உடைத்தவர்

தயிர்க்காரி கூடையை இறக்கும்போதே சொன்னாள்: "வெறகுக்கார இசக்கி போயிட்டாளாம்மா. மூணு நாளு காய்ச்சதான். நேத்தே எடுத்தாச்சாம்." நம் மாதர் சங்க மலருக்கு அஞ்சலி எழுத அப்போதே ஒப்புக்கொண்டேன். ஒரு மாதமாகிவிட்டது. எழுதினால் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும், அதனால்தான் தாமதம்.

குற்றாலத்துக்கு மேலே மொட்டையாகிப்போன சரிவில் மறுபடி காடு வளர்க்கப் பேசிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கன்றுகள் காட்டிலாகாவுடையவை, உரமும் வண்டியும் வடகரை விவசாயிகளுடையவை. நட்டுக் காக்க விறகுக்காரப் பெண்கள் என்றதும் ரேஞ்சர் சிரித்தார். இசக்கியக்கா தன் அரிவாளை அவர் மேசையில் வைத்தார். "இதப் பூட்டி வைங்க ஐயா. வெறுங்கையோட ஏறுதோம். தானா விழுந்த சுள்ளி போதும்."

அன்று முதல் எல்லாப் பெண்களின் அரிவாள்களும் காட்டுக் காவலரான கார்டின் கொட்டகைக்குள் இருந்தன. பூட்டில் கைவைத்தால் பெண்களுக்கு மலை கிடையாது என்பது நிபந்தனை. சங்கத்தின் சார்பில் கையெழுத்திட்டவள் நான்.

முதல் நாள் நாற்று நடுவதுபோல் சாணுக்கு ஒரு கன்றாக நட்டுவிட்டார்கள். ரேஞ்சர் தலையில் கைவைத்தார். "நெல்லு நட்ட கையில்லா ஐயா! அது பாட்டுக்குப் போவுது" என்றார் இசக்கியக்கா. பிடுங்கி, தள்ளித் தள்ளி நட்டார்கள்.

அடுத்த பங்குனியில் எட்டு மாதக் குழந்தையோடு கன்றுகளைப் பார்க்கப் போயிருந்தேன். காய்ந்த புல்லில் நெருப்பு பிடித்துக் கன்றுகளை நோக்கி இறங்கியது. குறுக்கே புல்லை அறுத்துத் தரையை வெறுமையாக்கினால் நிற்கும். சாவியோ கார்டிடம், கார்டோ தென்காசியில்.

"ஒடைங்கட்டி!" என்றாள் ஒருத்தி.

"ஒடைச்சா நாளைக்கு ஒன் அடுப்புல எதை வப்பே?" என்றாள் இன்னொருத்தி.

இசக்கியக்கா அசையவில்லை. "வாக்குக் குடுத்தவ நான். நான் ஒடைக்க மாட்டேன்."

குழந்தை புகையில் இருமியது. நான் குனிந்து கல்லைத் தேடினேன். "பிள்ளைய இங்கன தாங்க" என்று இசக்கியக்கா கை நீட்டினார். மூன்றாவது அடியில் பூட்டு வாய் பிளந்தது.

பெண்கள் அரிவாள்களோடு ஓடிப் புல்லை அறுத்தார்கள். இரண்டு வரிசைக் கன்றுகளை எரித்ததோடு நெருப்பு நின்றது.

"யார் உடைத்தது?" என்று சாயங்காலம் ரேஞ்சர் கேட்டார். என் கணவர் சர்க்கார் உத்தியோகஸ்தர். நான் குழந்தையின் முகத்தில் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் ஐயா" என்றார் இசக்கியக்கா.

பிழைத்த கன்றுகளைப் பார்த்து ரேஞ்சர் மற்றப் பெண்களை மன்னித்தார். இசக்கியக்கா மட்டும் ஒரு வருஷம் மலையேறக் கூடாதென்றார். அந்த வருஷம் முழுக்க அவர் வயல்கூலிக்குப் போனார். அழுதுகொண்டு போய் நின்றேன். "வெசனப்படாதீங்க சங்கத்தம்மா. நான் சொன்னது பொய்தான். கன்னு நெசமா நிக்குதுல்லா?" என்றார்.

இன்று அவை என் தலைக்கு மேல் நிற்கின்றன. அன்று நான் முந்தானையில் முடிந்துவந்த உடைந்த பூட்டு என் தையல் பெட்டியில் இருக்கிறது. இந்த மலரின் ஒரு பிரதி ரேஞ்சருக்கும் போகிறது. இசக்கியக்கா வாக்குத் தவறவில்லை. பூட்டை உடைத்தது நான்.